தெருமுனை வரை எட்டும்

எங்கள் வீட்டு ரௌட்டரை ஜன்னலில் திருகாணி போட்டு மாட்டியவள் என் மனைவி. இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. மற்றவர் வீடுகளில் கூடத்துக்கு நடுவில் வைக்கச் சொல்லுவாள். எங்கள் வீட்டில் மட்டும் தெருவைப் பார்த்த ஜன்னலில் வைத்தாள். ஏன் என்று கேட்டேன்.

"வீட்டுக்குள்ள எங்க வெச்சாலும் எட்டும். எனக்குத் தெருமுனை வரைக்கும் எட்டணும்" என்றாள்.

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. தெரு நேரானது. பாதி வழியில் ஒரு தையல் கடை. முனையில் மருந்துக்கடை, அதை ஒட்டி பஸ் நிறுத்தம், அதற்கப்பால் பெரிய சாலை. ரௌட்டர் அனுப்பும் பவரை முழு அளவில் வைத்தால், நிறுத்தத்தில் இறங்குகிறவரின் கைபேசிக்கு இணைப்பு கிடைக்கும். இன்னும் ஓர் எட்டு தள்ளிப் போனால் கிடைக்காது. அவளே நடந்து பார்த்து அளந்திருந்தாள்.

அந்தப் பெட்டிக்கு ஒரு செயலி உண்டு. எந்தக் கருவி இணைந்தாலும் என் கைபேசியில் மணி அடிக்கும். பெயர் வரும். பக்கத்தில் கோடுகள் வரும். ஒரு கோடு என்றால் தூரம், நாலு என்றால் பக்கம். பெயர்கள் அவள் வைத்தவை. என் கைபேசி 'சோம்பேறி'. அவளுடைய அம்மா வந்தால் நாள் முழுக்கப் பார்க்கும் டிவி 'மாமியார்'. அவளுடைய கைபேசி 'மகாராணி'.

"மகாராணி வந்தாச்சுன்னு மணி அடிச்சா அடுப்பப் பத்த வை. நான் நடந்து வந்து மூணு மாடி ஏறவும் டீ கொதிக்கவும் சரியா இருக்கும். இதுகூடச் செய்யலன்னா நீ எதுக்கு?"

செய்தேன். தினமும் சாயங்காலம் மணி அடிக்கும், அடுப்பைப் பற்ற வைப்பேன். அவள் அழைப்பு மணியைத் தொடமாட்டாள். குழந்தை தூங்கும். கைபேசியின் முனையால் கதவை இரண்டு தரம் தட்டுவாள். கதவைத் திறக்கும்போது டீ தயாராக இருக்கும்.

போன வருடக் கடைசியில் ஒரு சாயங்காலம் மணி அடித்தது. டீ கொதித்தது, வடிகட்டினேன், ஆறியது. செயலியில் மகாராணி ஒரு கோட்டிலேயே நின்றாள். அதற்குப் பிறகுதான் யாரோ மாடிப்படியில் ஓடி வரும் சத்தம் கேட்டது.

லாரி. தெருமுனையில், அவளுடைய இடது பக்கத்தில் ஏறியிருந்தது. நான் போனபோது துணியால் மூடியிருந்தார்கள். ஒரு பாதம் மட்டும் வெளியே இருந்தது, வெளிப்பக்கமாகத் திரும்பி.

அவளுடைய கைபேசியைப் போலீஸ்காரர் ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார். நடுவில் மடிந்து போயிருந்தது. அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

வந்திருந்த உறவெல்லாம் கிளம்பிப் போன பிறகு, ஒரு சாயங்காலம், பஸ் வரும் நேரத்தில் மணி அடித்தது.

மகாராணி. ஒரு கோடு.

அலமாரியைத் திறந்து பார்த்தேன். உறை அப்படியே இருந்தது. உள்ளே மடிந்த கைபேசி, செத்த பேட்டரி. பூட்டிவிட்டுத் தெருமுனைக்குப் போனேன். நிறுத்தத்தில் யாரும் இல்லை. மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. கொஞ்சம் பொறுத்து மூடியது. மறுபடியும் திறந்தது.

"சென்சார் போச்சு சார்" என்றார் மருந்துக்கடைக்காரர். "ஒரு வாரமா இதே கூத்து. சாயங்காலம் ஆனா யாரோ வாசல்ல நிக்கிற மாதிரி திறந்து திறந்து மூடுது. ஏசி காத்து பூரா தெருவுக்கு. மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்தா நல்ல பிள்ளை மாதிரி நிக்குது."

"வேற மெக்கானிக் யாரையாவது பாருங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தேன்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். பஸ் நேரத்துக்கு மணி அடிக்கும். ஒரு கோடு. கடைசி பஸ் போகும் வரை இருக்கும், பிறகு போய்விடும். நான் யாரிடமும் சொல்லவில்லை. பயமாகவும் இல்லை. அந்த மாதங்களில் எனக்கு எதுவுமாகவும் இல்லை. அலுவலகத்தில் கட்டட வரைபடம் போட்டேன். வீட்டில் மகள் குட்டிக்குச் சோறு ஊட்டினேன். சாயங்காலம் மணி அடித்தால் டீ போட்டேன். நாளில் அந்த ஒரு வேலையை மட்டும் செய்யும்போது கை தானாக நகர்ந்தது.

குட்டிக்கு நாலு வயது. அவளைப் பார்த்துக்கொள்ள அத்தை வந்து சேர்ந்தார். என் மனைவியின் அம்மா. வந்த மறுநாளே கட்டிலைச் சுவரோரத்திலிருந்து ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். காற்று வருமாம். படுத்து அண்ணாந்து பார்த்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை இது, நாலு கொம்போட பிள்ளை தலைமாட்டுல?"

"வைஃபை, அத்தை."

"அது தெரியும். எனக்கும் போன்ல அனுப்புறாங்க. இது பக்கத்துல குழந்தைங்கள படுக்க வெக்கக் கூடாதாம். பிள்ளை ராத்திரி பூரா புரண்டுக்கிட்டே இருக்கா, பாக்குறீங்களா இல்லியா?"

"அம்மா இல்லாத பிள்ளை அத்தை. புரளத்தான் செய்யும்."

"அதுக்காக நெஞ்சுல அலைய வேற அடிக்கணுமா? கழட்டி அடுப்பங்கரையில மாட்டுங்க."

"கழட்ட முடியாது."

"ஏன்?"

அத்தை திருகாணிகளைப் பார்த்தார். யார் போட்டவை என்று அவருக்கும் தெரியும். குரல் இறங்கியது.

"சரி. கொறைச்சாவது வைங்க. ரேடியோவுக்கு இருக்கிற மாதிரி இதுக்கும் கூட்டக் கொறைக்க ஏதாவது இருக்கும்ல?"

இருந்தது. முழு அளவு, முக்கால், அரை, கால் என்று நாலு படிகள். மறுநாள் மத்தியானம் முக்காலுக்கு இறக்கினேன். மாற்றியதும் பெட்டி தன்னை நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்கும். விளக்குகள் எல்லாம் அணைந்து அரை நிமிடம் போல இருட்டாகக் கிடந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் பச்சையாயின.

இனி தெருமுனைக்கு எட்டாது. இனி மணி அடிக்காது. இதைத்தான் நினைத்துக்கொண்டு சாயங்காலம் அடுப்பங்கரையில் நின்றேன்.

பஸ் நேரம் தாண்டியது. கொஞ்சம் கழித்து மணி அடித்தது.

மகாராணி. இரண்டு கோடு.

அந்தக் கோடுகள் பெட்டியின் குரலைக் காட்டுபவை அல்ல. கைபேசியின் குரல் பெட்டிக்கு எவ்வளவு கேட்கிறது என்று காட்டுபவை. நான் குறைத்தது பெட்டியின் குரலை. அவளுடையதை இல்லை. ஒருவர் மெதுவாகப் பேசினால் கேட்பவர் பக்கத்தில் வந்து நிற்பார். அவ்வளவுதான்.

கீழே போனேன். முனையில் மருந்துக்கடைக் கதவு அசையாமல் மூடிக் கிடந்தது. பாதித் தெருவில் தையல்கார அக்கா கடை வாசலில் அளவெடுக்கும் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இப்ப யாராவது இந்தப் பக்கம் போனாங்களா தம்பி?"

"இல்லியே."

"யாரோ வந்து நின்னாங்க. மிஷின்ல இருந்தேன், சரியாப் பாக்கல. ரவிக்கைக்கு அளவு குடுக்க வந்திருக்காங்கன்னு டேப்ப எடுத்துட்டு வந்தா ஆளக் காணோம். எனக்கும் வயசாவுது போல."

அன்று ராத்திரி குட்டி நன்றாகத் தூங்கியதாக அத்தை சொன்னார். ஆனால் காலையில் எழுந்து, "கால் வலிக்குது" என்றாள். எந்தக் கால் என்றதற்கு இடது தொடையைக் காட்டினாள்.

"ஓடியாடுற வயசு" என்றார் அத்தை. தைலம் தடவினார்.

இரண்டாம் நாளும் வலித்தது. மூன்றாம் நாள் நொண்டினாள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். காலை மடக்கினார், நீட்டினார், படம் எடுக்கச் சொன்னார். படத்தில் ஒன்றுமில்லை. வளர்கிற பிள்ளைகளுக்கு வருவதுதான் என்றார்.

"வளர்ற பிள்ளைக்கு ரெண்டு காலும்ல வளரணும்" என்று அத்தை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். "ஒரு கால் மட்டும் வளந்தா அதுக்குப் பேரு என்னவாம்? எல்லாம் அந்தக் கொம்புப் பெட்டிதான். இன்னும் கொறைங்க மாப்பிள்ளை."

அரையாகக் குறைத்தேன்.

அன்று சாயங்காலம் மணி இன்னும் தாமதமாக அடித்தது. மூன்று கோடு. நான் படிக்கட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். எங்கள் கட்டடத்தில் மாடிப்படி விளக்குகள் ஆள் நடமாட்டத்தைப் பார்த்து எரிபவை. ஆள் நின்றுவிட்டால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். கீழே, நுழைவாசல் விளக்கு எரிந்தது. அங்கே யாரும் இல்லை. விளக்கு அணையவும் இல்லை. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். நின்றதில் என் தலைக்கு மேலிருந்த விளக்கு அணைந்தது. கீழ் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அவள் சும்மா நிற்கத் தெரியாதவள். பஸ் நிறுத்தத்தில்கூட ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே இருப்பாள்.

மறுநாள் குட்டி கட்டிலை விட்டு இறங்கவில்லை. காலைத் தொட்டால் அழுதாள். அத்தையும் அழுதார்.

"அந்தக் கருமத்த ஒரேயடியா அணைச்சுத் தொலைங்க."

"ஆபீஸ் வேலை இருக்கு அத்தை. இன்னும் ஒரு படி இருக்கு. அதுக்கும் குறைச்சுப் பாக்கலாம்."

அலுவலக வேலை எதுவும் இருக்கவில்லை. இன்னும் ஒரு படி குறைத்தால் இணைப்பு எங்கள் வாசற்கதவைத் தாண்டாது என்று எனக்குத் தெரியும். வீடுகளின் அளவைக் காகிதத்தில் போடுகிறவன் நான். முனை, தையல் கடை, நுழைவாசல். அடுத்த வட்டம் எங்கே வந்து விழும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை. குட்டியின் காலுக்காகக் குறைப்பதாக அத்தை நம்பினார். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு மத்தியானம் கால் அளவுக்கு இறக்கினேன்.

சாயங்காலம் டீ போட்டு இறக்கி, இரண்டு கோப்பைகளை எடுத்துக் கழுவி வைத்தேன்.

அத்தை கட்டிலில் குட்டியின் தலையை மடியில் வைத்திருந்தார். குட்டி முனகிக்கொண்டிருந்தாள். பஸ் நேரம் போயிற்று. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம் கேட்டது. கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கட்டைப் பார்த்தேன்.

நுழைவாசல் விளக்கு எரிந்தது. பிறகு முதல் மாடி விளக்கு. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. நொண்டிக்கொண்டு ஏறுகிறவருக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். இரண்டாம் மாடி விளக்கு எரிந்ததும் கதவைச் சாத்தினேன். ஏன் சாத்தினேன் என்று தெரியவில்லை.

கதவுக்குக் கீழே இருந்த இடுக்கில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. என் கைபேசியில் மணி அடித்தது.

மகாராணி. நாலு கோடு.

டொக், டொக்.

அத்தை தலையைத் தூக்கினார். அந்தத் தட்டலை அவரும் எத்தனையோ சாயங்காலம் கேட்டிருக்கிறார்.

"மாப்பிள்ளை" என்றார். "யாரு அது?"

நான் கைபேசியை அவரிடம் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். மருந்துக்கடைக் கதவு, டேப், விளக்கு. மிகச் சில வாக்கியங்களே ஆயின. சொல்லி முடித்தபோது அத்தை குட்டியின் தலையைத் தலையணைக்கு நகர்த்திவிட்டு எழுந்தார்.

"எம் புள்ள வந்திருக்கா. வாசல்ல நிக்க வெச்சுப் பேசிட்டு இருக்கீங்களே. திறங்க."

நானும் அதைத்தான் விரும்பினேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். இரும்பு சில்லென்று இருந்தது.

குட்டி அலறினாள். அதுவரை அப்படி ஒரு குரல் அவளிடமிருந்து வந்ததில்லை. திரும்பிப் பார்த்தேன். போர்வை விலகியிருந்தது. அவளுடைய இடது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. ஒரு குழந்தையின் பாதம் தானாக அப்படித் திரும்பாது. அப்படித் திரும்பிய ஒரு பாதத்தை நான் துணிக்கு வெளியே பார்த்திருக்கிறேன்.

தாழ்ப்பாளை விட்டேன். அவள் முனையில் நின்றபோது குட்டிக்கு ஒன்றுமில்லை. தையல் கடைக்கு வந்தபோது வலித்தது. நுழைவாசலுக்கு வந்தபோது நடக்க முடியவில்லை. பெட்டியால் அல்ல. அவள் கிட்டே வர வர.

அத்தைக்கும் புரிந்துவிட்டது. அவர் கதவை விட்டுப் பின்னால் வந்தார்.

"அணைங்க" என்றார். "மாப்பிள்ளை, அணைங்க அத."

அவரே ஜன்னலுக்குப் போய் ஸ்விட்சில் கை வைத்தார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். அதற்கு முன்பும் பின்பும் நான் அவரைத் தொட்டதில்லை.

"குறைக்கக் குறைக்கக் கிட்ட வந்தா அத்தை. அணைச்சா எங்க வந்து நிப்பா?"

அத்தை கையை எடுத்துக்கொண்டார்.

செயலியைத் திறந்தேன். விரல் வழுக்கியது. கால், அரை, முக்கால், முழு அளவு. முழு அளவைத் தொட்டேன். மாற்றத்தைச் சேமிக்கவா என்று கேட்டது. ஆம் என்றேன்.

பெட்டியின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன.

அந்த அரை நிமிடத்தை நான் மறந்துவிட்டிருந்தேன். இதுவரை மாற்றியதெல்லாம் மத்தியானத்தில், அவள் இல்லாத நேரத்தில்.

கதவிடுக்கில் வெளிச்சம் இல்லை. வெளியே விளக்கு அணைந்திருந்தது. குட்டி சட்டென்று அழுகையை நிறுத்தினாள். பக்கத்து வீட்டுக் குக்கரும் அடங்கியிருந்தது. அடுப்பங்கரையில் ஒரு கோப்பை மற்றொன்றின் மீது லேசாக இடித்தது.

பிறகு கட்டிலின் ஓரத்தில், குட்டியின் கால்மாட்டில், மெத்தை அமிழ்ந்தது. உட்காரும்போது அமிழ்கிற மாதிரி, முதலில் ஒரு பக்கம், பிறகு முழுவதும். விரிப்பில் சுருக்கங்கள் அந்தப் பள்ளத்தை நோக்கி ஓடின. குட்டி அந்தப் பக்கம் பார்த்தாள். அவள் முகத்தில் வலியும் இல்லை, பயமும் இல்லை, எதுவும் இல்லை. உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

"சின்னு" என்றார் அத்தை. அது என் மனைவியை அவர் வீட்டில் கூப்பிட்ட பெயர். "சின்னு, வேணாம்மா. உன் புள்ளம்மா. எந்திரிம்மா."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது ஒன்றுதான். "டீ போட்டு வெச்சிருக்கேன்" என்றேன். "தெருமுனைக்குப் போய் நில்லு. நான் எடுத்துட்டு வர்றேன்."

பெட்டியில் ஒரு விளக்கு பச்சையானது. இரண்டாவது. மூன்றாவது விளக்குக்கு நேரம் பிடித்தது. அது எரிந்தபோது மெத்தை மெதுவாக மேலே வந்தது.

கதவிடுக்கில் வெளிச்சம் விழுந்தது. திறந்து பார்த்தேன். எங்கள் மாடியில் எரிந்த விளக்கு அணைய, இரண்டாம் மாடியில் எரிந்தது. பிறகு முதல் மாடி. பிறகு நுழைவாசல். இறங்கும்போது நிதானமாகத்தான் இறங்கினாள். கடைசி விளக்கு அணைந்து கொஞ்சம் கழித்து மணி அடித்தது.

ஒரு கோடு.

உள்ளே குட்டி அழுதுகொண்டிருந்தாள். சாதாரண அழுகை. பசிக்கிறதாம். பாதம் நேராக இருந்தது.

நான் ஒரு கோப்பையில் டீயை ஊற்றி, மேலே ஒரு தட்டை மூடி, கீழே இறங்கித் தெருமுனைக்குப் போனேன். மருந்துக்கடைக் கதவு திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நிறுத்தத்தின் பெஞ்சில் கோப்பையை வைத்தேன்.

"யாருக்கு சார்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"வர்றவங்களுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். மறுநாள் காலையில் கோப்பையைக் கழுவி, கல்லாப் பக்கத்தில் எனக்காக எடுத்து வைத்திருந்தார்.

குட்டி இரண்டு நாளில் ஓடத் தொடங்கினாள். அத்தை கட்டிலைப் பழையபடி சுவரோரம் இழுத்துப் போட்டார். ரௌட்டரைப் பற்றி இப்போது அவர்தான் கவலைப்படுகிறார். கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்டுக் கேட்டு என்னைக் கடைக்கு விரட்டினார். பேட்டரி ஒன்று வாங்கி மாட்டினேன். அது தீர்ந்தால் மாற்றுவதற்கு இன்னொன்றும் வாங்கி வைத்திருக்கிறோம். சாயங்காலத்தில் விளக்கு ஒரு முறை மினுக்கினாலும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்கிறோம். துடைப்பதற்குக்கூட வேறு யாரையும் பக்கத்தில் விடுவதில்லை.

நேற்று மத்தியானத்திலிருந்து வானம் இருண்டு கிடந்தது. பஸ் நேரத்துக்கு மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. மணி அடித்தது. நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். அத்தை ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் முனை தெரியவில்லை.

"நனைவாளே" என்றார்.

"நிறுத்தத்துல கூரை இருக்கு அத்தை."

"சாரல் அடிக்கும்."

டீ பொங்கி வந்தது, அடுப்பைத் தணித்தேன்.

"கொஞ்சம், ஒரே ஒரு படி மட்டும், மழை விடுற வரைக்கும்..." என்றார் அத்தை.

கூடத்தில் குட்டி தரையில் ஒற்றைக் காலில் தாவித் தாவி விளையாடிக்கொண்டிருந்தாள். இடது கால்தான். அத்தை திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னல் கதவைச் சாத்தினார்.

கோப்பையை மூடி எடுத்துக்கொண்டேன். குடை ஒன்றுதான் இருந்தது.

"அதையும் அங்கயே வெச்சிட்டு வாங்க" என்றார்.

வரும்போது நனைந்துகொண்டு வந்தேன்.